திரும்பக் கேட்கும் உரிமை

மாசி மாதத்தில் ஒரு முற்பகல். அச்சகத்தில் உட்கார்ந்து ஒரு காதணி விழா அழைப்பிதழுக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் கிடந்த கைபேசி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. வருமான வரித் துறை. இந்த நிதியாண்டில் உங்கள் பான் எண்ணில் பெருந்தொகை ஒன்று பதிவாகியிருக்கிறது, வரி கட்ட வேண்டியிருந்தால் மார்ச் பதினைந்துக்குள் கட்டவும் என்று இருந்தது.

முதலில் திருட்டுப் பயல்களின் வேலை என்று நினைத்தேன். கரண்டு பில் கட்டவில்லை என்றும், கூரியர் நிற்கிறது என்றும் தினம் ஒரு செய்தி வருகிற காலம். தொட்டால் தீப்பற்றும் என்பதுபோலக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். சாப்பாடு கொண்டுவந்த மனைவி அதை நிமிர்த்திப் படித்தாள். படித்துவிட்டுச் செய்தியைச் சந்தேகிக்கவில்லை, என்னைச் சந்தேகித்தாள்.

“பெருந்தொகைங்கிறான். எனக்குத் தெரியாம ஏதுங்க பெருந்தொகை?”

அவளுக்குத் தெரியாத தொகை எதுவும் என்னிடம் இல்லை. தெரிந்த தொகைதான் பெரிதாக இருந்தது. அது போன ஆடியில் வந்த மொய்.

எங்கள் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி பிறந்துவிட்டால் மொய் விருந்துதான். கல்யாணம் இருக்காது, காதுகுத்து இருக்காது. பணம் தேவைப்படுகிற நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு ஆக்கி ஊரை அழைக்கும். வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, யார் நோட்டில் எழுத வந்தார்களோ அவர் மேசைக்குப் போய்ப் பெயர் சொல்லிப் பணம் எழுதுவார்கள். அவர்கள் விருந்து வைக்கும் வருஷம் அந்தத் தொகையை, மேலே கொஞ்சம் புதுசாகச் சேர்த்து, நாம் போய் எழுத வேண்டும். பத்திரம் இல்லை, வட்டி இல்லை. வேட்டியில் மஞ்சள் கறையோடு எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிற ஆட்களை நம்பி ஒரு வட்டாரமே வீடு கட்டியிருக்கிறது, கடை வைத்திருக்கிறது, பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பியிருக்கிறது.

எனக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிற முறை அது. பதினொரு லட்சத்து இருபதாயிரம் எழுதினார்கள். மறுநாளே மொத்தத்தையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுபோய் என் சேமிப்புக் கணக்கில் கட்டினேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை என்று பட்ஜெட் அன்றைக்குத் தொலைக்காட்சி முழுக்கச் சொன்னார்கள். பதினொன்று பன்னிரண்டைவிடச் சிறியது. எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

யார் போட்டுக்கொடுத்தது என்றுதான் அடுத்த இரண்டு நாளும் யோசித்தேன். வங்கியில் பணத்தை எண்ணும்போது என்னை நிமிர்ந்து பார்த்த காசாளர் பெண். எதிர்ச்சாரியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவர், என் பந்தலில் இரண்டு முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். ஒவ்வொரு முகத்தையும் மனசுக்குள் நிறுத்தி விசாரித்தேன். எல்லா முகமும் குற்றவாளி முகமாகவே இருந்தது. வெயில் ஏற ஏறச் சந்தேகமும் ஏறியது. தெருவில் போகிறவர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை.

புதுக்கோட்டையில் ஒரு மாடியறையில் இருக்கும் ஆடிட்டர் அம்மாள்தான் அந்த விசாரணையை முடித்து வைத்தார். அச்சகத்தின் ஜிஎஸ்டி கணக்கை நாலு வருஷமாகப் பார்க்கிறவர். நானும் மனைவியும் மொய் நோட்டோடு போய் உட்கார்ந்தோம். யாரும் போட்டுக்கொடுக்கவில்லை என்றார். ஒரு வருஷத்தில் பத்து லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகச் சேமிப்புக் கணக்கில் கட்டினால் வங்கியே தகவல் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஆள் இல்லை, பகை இல்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

“கல்யாணத்து மொய்யா சார்?” என்று கேட்டார்.

“இல்ல மேடம், மொய் விருந்து.”

“கல்யாணம்னா வரியே கெடையாது. அதுவும் ஒங்க கல்யாணமா இருக்கணும்.”

“அவரு அதுக்கும் தயாராத்தான் இருப்பாரு,” என்றாள் மனைவி.

ஆடிட்டர் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டார். கல்யாணம் இல்லாமல் வருகிற மொய் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் அன்பளிப்பு. உறவினர் கொடுத்தால் வரி இல்லை. வெளியாள் கொடுத்து, எல்லாம் சேர்ந்து ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் மொத்தமும் என் வருமானம். யார் உறவு, யார் வெளியாள் என்பதற்குச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு என் நோட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார்.

பங்காளிகள் போனார்கள். சித்தப்பா மகன், என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், வெளியாள். தாய்மாமா உறவு, தாய்மாமன் மகன் வெளியாள். மனைவியின் அண்ணன் உறவு, மனைவியின் சித்தப்பா வெளியாள். தன் சித்தப்பாவின் பெயர்மேல் சிவப்புக் கோடு விழுந்தபோது மனைவி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் பக்கத்தில் நின்ற ஆட்களை யாரோ ஒவ்வொருவராகக் கைபிடித்து வெளியே அனுப்புவதுபோல இருந்தது.

“ஏப்ரல்லேருந்து புதுச் சட்டம் வருது சார். செக்‌ஷன் நம்பரெல்லாம் மாறுது, நானே திரும்பப் படிக்கிறேன்,” என்றார் ஆடிட்டர். “ஒறவுப் பட்டியல் மட்டும் மாறல.”

கடைசியில் மிஞ்சியவர்கள் மூன்றே பேர். என் அக்கா, எண்பதாயிரம். தாய்மாமா, அறுபதாயிரம். மனைவியின் அண்ணன், என் மச்சான், ஒன்றரை லட்சம்.

ஆடிட்டர் ஒரு துண்டுச் சீட்டில் கூட்டிக் காட்டினார். மொய்யும் அச்சகத்தில் நின்ற லாபம் மூன்றரை லட்சமும் சேர்ந்து பதினாலு எழுபது. இந்த மூன்று பேரும் அன்பளிப்பாகக் கொடுத்தோம் என்று கையெழுத்துப் போட்டால் இரண்டு தொண்ணூறு கழியும். பதினொன்று எண்பதில் வந்து நிற்கும். பன்னிரண்டுக்குக் கீழே. ஒரு பைசா வரி இல்லை. மச்சான் ஒருவர் போடாவிட்டால் பன்னிரண்டைத் தாண்டிவிடும். தாண்டினால் எண்பத்திரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.

அந்த எண் எனக்குத் தெரிந்த எண். ஏறக்குறைய அவ்வளவுதான் என்னிடம் மீதி இருந்தது. சிவகாசியில் ஒரு பழைய கலர் டிஜிட்டல் மெஷினுக்கு மொய்ப் பணத்தைக் கொடுத்திருந்தேன். மீதிப் பணம் போய்ச் சேர்ந்தால்தான் மெஷின் வண்டியேறும். ஆடிக்கு முன்னால் வந்தால் இந்த வருஷத்து மொய் விருந்துப் பத்திரிகைகள் எல்லாம் என்னிடம் அடிக்க வரும். வராவிட்டால் எதிர்ச்சாரி ஃப்ளெக்ஸ் கடைக்குப் போகும்.

“கடன்னு எழுதிறலாமே மேடம். எப்படியும் திருப்பிக் குடுக்கறதுதானே?”

“ரொக்கக் கடன் இருபதாயிரத்துக்கு மேல வாங்கவே கூடாது. வாங்குனா வாங்குன அளவுக்கு அபராதம். ஒன்றரை லட்சம் வாங்குனதுக்கு ஒன்றரை லட்சம். இஷ்டமா?”

இஷ்டமில்லை. மூன்று கடிதங்களை அச்சடித்துக் கொடுத்தார். சுருக்கமான கடிதம்தான். அதில் மூன்றாவது வரி இப்படி இருந்தது: இத்தொகையைத் திரும்பக் கேட்கும் உரிமை எனக்கோ என் வாரிசுகளுக்கோ எக்காலத்திலும் இல்லை.

அக்காள் வீட்டுக்கு முதலில் போனேன். மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தவள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டாள். படிக்கவில்லை. கையெழுத்தின் கடைசி எழுத்தில் ஒரு விரல் ஈரம் பட்டு மை பரவியது. மாமா அப்படி இல்லை. கடிதத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, நோட்டு செல்லுமா என்று பார்ப்பதுபோலப் பார்த்தார். தன் பென்ஷனுக்கு இதனால் எதுவும் ஆகாதே என்று மூன்று முறை கேட்டார். என்னிடம் இரண்டு முறை, அத்தையிடம் ஒரு முறை. பிறகு போட்டார்.

திரும்பி வருகிற வழியில் வண்டியை ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்தி, இரண்டு கடிதங்களையும் எடுத்து மறுபடி பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. அந்த மூன்றாவது வரிக்குக் கீழே அக்காவின் கையெழுத்து. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எண்பதாயிரம் என் தோளிலிருந்து இறங்கி நின்றதுபோல இருந்தது. உடனே மடித்துப் பையில் வைத்துவிட்டேன். வண்டியைக் கிளப்பிய பிறகும் அந்த இலேசு கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

மச்சான் பூ கமிஷன் கடை வைத்திருக்கிறார். பத்து வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்து போட்ட கடை. மல்லிகைச் சாக்கு அவிழ்க்கிற நேரத்தில் போனது என் தப்பு. தராசில் ஒரு கண்ணும் கடிதத்தில் ஒரு கண்ணுமாகப் படித்தார். பிறகு தராசை வேலையாளிடம் விட்டுவிட்டு இரண்டு கண்ணாலும் படித்தார். மூன்றாவது முறை உதடசையப் படித்தார்.

“வரிக்காகத்தானே மாப்ள?”

“ஆமா மச்சான். வெறும் பேப்பர்தான்.”

“வெறும் பேப்பர்ல எதுக்கு எம் மகன இழுத்திருக்கு?”

வாரிசு என்ற சொல்லில் அவர் விரல் நின்றது. பூச்சாறு ஏறிப் பச்சையாகிப்போன விரல். அது வழக்கமாக எழுதுகிற வாசகம் என்றேன். ஆடிட்டர் எழுதியது என்றேன். நான் சொல்லச் சொல்ல, நானே ஏதோ மறைக்கிறவனைப்போல என் குரல் எனக்குக் கேட்டது.

வர்ற ஆடியில் மச்சானின் முறை. அவர் எழுதிய ஒன்றரை லட்சத்தை நான் மேலே சேர்த்து எழுதப்போகிற ஆடி. அதற்கு நாலைந்து மாதம் இருக்கும்போது, திரும்பக் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கேட்டு ஒருவன் வந்து நிற்கிறான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்திருப்பேன். அவரும் பார்த்தார்.

கடைசியில் ஒரு வழி சொன்னார். அவர் இதில் கையெழுத்துப் போடுவார். பதிலுக்கு நான் ஒரு புரோநோட்டில் ஒரு ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி, ஒன்றரை லட்சம் கடன் பெற்றேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அது அவர் பெட்டிக்குள் இருக்கும். ஆடியில் மொய் எழுதினதும் கிழித்துவிடலாம்.

“நம்பாம கேக்கல மாப்ள. நாளைக்கு ஒங்களுக்கு ஒண்ணுன்னா, பிள்ளைக இந்தப் பேப்பரத்தானே எடுத்துக் காட்டும்?”

என் சாவை அவ்வளவு மரியாதையாக யாரும் அதுவரை என் முன்னால் பேசியதில்லை.

அங்கிருந்தே ஆடிட்டருக்குப் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“எனக்குத் தெரியாம இருந்திருக்கணும் சார். இப்ப தெரிஞ்சிருச்சு. ரெண்டு பேப்பரும் இருந்தா ஒண்ணு பொய். பொய்யின்னு தெரிஞ்சத என் ஃபைல்ல வைக்க மாட்டேன். கையெழுத்து இல்லேன்னா, அவரு பணத்தையும் ஒங்க வருமானத்தோட சேத்து வரியக் கட்டிருங்க.”

மச்சானிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, கடிதத்தை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் நடந்ததை முழுக்கச் சொல்ல முடியாது. மனைவி தன் அண்ணன் கேட்டதில் என்ன தப்பு என்று ஆரம்பித்தாள். ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்தால் ஆடிட்டருக்கு யார் சொல்லப்போகிறார்கள் என்றாள். நானே சொல்லிவிட்டேன் என்றபோது என்னைப் பார்த்த பார்வையில், இருபத்திரண்டு வருஷத்துக் குடித்தனத்தில் நான் செய்த மடத்தனம் அத்தனையும் வரிசையாக நின்றது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“எங்க அண்ணன் படிச்சுப் பாத்துட்டுக் கேக்குறாரு. ஒங்க அக்கா படிக்காமப் போட்டாகளே, அவுகளுக்கு நீங்க படிச்சுக் காட்டுனீங்களா?”

காட்டவில்லை. புளியமரத்து நிழலில் என் தோளில் இருந்து ஏதோ இறங்கியதை அவளிடம் சொல்லவும் இல்லை. மச்சான் என்னைச் சந்தேகப்பட்டது அநியாயம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் விரல் நின்ற இடம் சரியான இடமோ என்று அப்போதுதான் தோன்றியது.

மறுநாள் அக்காவிடம் போய் அந்த வரியை உரக்கப் படித்துக் காட்டினேன். தவிட்டு வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். பிறகு சொன்னாள்: “சரிதான தம்பி. நான் எப்பக் கேட்டேன்? கேக்க மாட்டேன். நீ மொய்யத் திருப்பி எழுதாம இருந்துருவியா என்ன?” அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டபோது சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் கண் கொஞ்ச நேரம் என்மேலேயே இருந்தது.

மார்ச் பதினைந்து நெருங்கியது. மச்சானிடமிருந்து பேச்சில்லை. நானும் போகவில்லை. புரோநோட்டு எழுதிக் கொடுப்பதற்குப் பயம் என்று சொன்னால் பொய். அக்கா வெறுங்கையோடு நம்புகிற இடத்தில் மச்சானுக்கு மட்டும் பெட்டிக்குள் ஒரு தாள் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதுவும் முழு உண்மையா தெரியாது. எனக்கு என்மேல் இருந்த சந்தேகத்துக்கு ஏதாவது ஒரு விலை கொடுத்துத் தொலைத்துவிட வேண்டும் என்று இருந்தது. பதின்மூன்றாம் தேதி காலையில் கணினி முன்னால் உட்கார்ந்து எண்பத்திரண்டாயிரத்து அறுநூற்று எண்பது ரூபாயைக் கட்டினேன். சட்டப்படி உறவான மச்சானை நானே வெளியாட்களோடு சேர்த்து எழுதினேன். சிவகாசிக்குப் போன் போட்டு, மெஷின் கொஞ்சம் இருக்கட்டும் என்றேன். எவ்வளவு நாள் என்று கேட்டார்கள். வேறு ஆள் கேட்டால் கொடுத்துவிடுவோம் என்றார்கள்.

மனைவி அண்ணனுக்கு அன்றைக்கே சொல்லிவிட்டாள் போல. மறுநாள் கடை திறந்த சூட்டில் மச்சான் வந்தார். அச்சகத்துக்கு அவர் வந்து வருஷமாகியிருந்தது. மை வாசனைக்குள் மல்லிகை வாசனை நுழைந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கட்டிய சலானைப் பார்க்க வேண்டும் என்றார். கொடுத்தேன். எண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். தன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வருத்தமாவது படுவார் என்று எதிர்பார்த்தேன்.

“ஒத்த ரூவா ஸ்டாம்புல எழுதிக் குடுக்கறதுக்குப் பதிலா எண்பத்திரெண்டாயிரம் கட்டியிருக்கீங்க,” என்றார் மெதுவாக. “இவ்வளவு லேசாக் கட்டுறவுக எவ்வளவு வச்சிருக்கணும்னு ஊருல யோசிப்பாகல்ல மாப்ள?”

ஊர் இன்னும் யோசிக்க ஆரம்பிக்கவில்லை. யோசித்தது அவர்தான். மெஷினுக்கு வைத்திருந்த பணம் என்றேன். கடைசிப் பணம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். நம்பிய தலையாட்டல் இல்லை, குறித்துக்கொள்கிற தலையாட்டல்.

“நான் இப்பப் போட்டா இது திரும்ப வருமா?”

வரும் என்று உண்மையைச் சொன்னேன். வருஷ ரிட்டன் தாக்கல் செய்யும்போது கடிதம் இருந்தால் கழித்துக்கொண்டு திருப்பித் தருவார்கள் என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார்.

சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். நான் கடையில் விட்டுவந்த அதே கடிதம். பூ ஈரத்தில் ஓரம் சுருண்டிருந்தது. என் மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்தார். எடுக்கவில்லை.

“ஆடி வரட்டும். நீங்க வந்து மொய்ய எழுதுங்க. எழுதுன கையோட நான் இதுல போட்டுத் தாரேன். அப்பறம் எனக்குக் கேக்குற உரிம இல்லைன்னு எழுதுறதுல என்ன இருக்கு?”

சொல்லிவிட்டு அவரே ஒருமுறை அதை மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டதுபோலத் தெரிந்தது. எங்கும் ஓட்டை இல்லை. வாங்கி முடித்த பிறகு, வாங்கும் உரிமை இல்லை என்று எழுதித் தருவார். எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாளில் முதல்முறையாக ஒருவர் மனதில் இருப்பதை அப்படியே சொன்னதுபோல இருந்தது. ஆனால் அப்படிப் போட்டுத் தருகிற தாளையும் ஆடிட்டர் வாங்க மாட்டார், எனக்கும் கொண்டுபோய்க் கொடுக்க மனம் வராது. அதை அவரிடம் சொல்லவில்லை. பணம் போனது போனதுதான் என்று தெரிந்தது.

“அதுவரைக்கும் லெட்டர் இங்கயே இருக்கட்டுமே மச்சான். ஈரத்துல வச்சுக் கெடுத்துருவீங்க.”

அவர் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

“எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க பிரஸ்ஸு வச்சிருக்கீங்க. நாலு ஊரு பேரும் கையெழுத்தும் ஒங்க கம்ப்யூட்டர்ல கெடக்கும். என்னோடதும் கெடக்கும்.”

வாரேன் மாப்ள என்று படியிறங்கிப் போனார். மல்லிகை வாசனை கொஞ்ச நேரம் இருந்தது. நான் கணினியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் கடை திறப்பு விழா அழைப்பிதழை ஏழு வருஷத்துக்கு முன்னால் நான்தான் அடித்தேன். கீழே அவர் கையெழுத்தையே வைக்க வேண்டும் என்று கேட்டு, வெள்ளைத் தாளில் போட்டுக் கொடுத்திருந்தார், அதை ஸ்கேன் செய்து இதே கணினியில்தான் ஏற்றியிருந்தேன். அந்த நிமிஷம் வரை அது எனக்கு நினைவிலேயே இல்லை.